மலைக்குப் போகுமுன் மலையைக் கேளுங்கள்

குளிர்காலம் நெருங்கும்போது சுவிஸில் பிள்ளைகள் படிக்கும் எமது வீடுகளுக்குப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வரும். ஒரு வாரம் மலையில் தங்கிப் பனிச்சறுக்குப் பழகும் 'ஸ்கீலாகர்' பற்றிய கடிதம் அது. பிள்ளை துள்ளிக் குதிக்கும். தாய் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "பனிச்சரிவு வந்தால் என்ன செய்வது?" என்று தகப்பனைக் கேட்பார். தகப்பனுக்கும் விடை தெரியாது. கையெழுத்துப் போடுவதா விடுவதா என்பது, அன்றைய தொலைக்காட்சிச் செய்தியில் என்ன காட்டினார்கள் என்பதைப் பொறுத்ததாகி விடுகிறது.

பயம் நியாயமானதுதான். எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்த எம்மவரில் பலருக்கு மலை என்பது ஒரு வேலைத்தலம். மலை ஹொட்டேல்களின் குசினிகளில் கோப்பை கழுவியும் மரக்கறி வெட்டியும் நின்றவர்கள், மற்றவர்கள் பனியில் விளையாடுவதை யன்னலால் பார்த்தார்களே தவிர, தாங்கள் இறங்கிப் பார்க்கவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை, காசும் இருக்கவில்லை. இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சறுக்குகிறார்கள், சப்பாத்தில் வலை கட்டிப் பனியில் நடக்கிறார்கள், சிலர் நண்பர்களோடு அடையாளமிட்ட பாதையை விட்டு விலகியும் இறங்குகிறார்கள். ஒரே வீட்டுக்குள் மலையைக் கண்டு அஞ்சும் பெற்றோரும் அச்சமே அறியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருவருக்கும் வேண்டியது ஒன்றேதான். மலையின் காற்றையும் பனியையும் பற்றிய அறிவே அது.

ஆகவே இம்முறை ஒரு மலையை எடுத்து, அதன் உச்சியில் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

சென்ரிஸ் என்னும் காவல்காரன்

கிழக்குச் சுவிஸில், சென்காலன் மாநிலமும் இரண்டு அப்பன்செல் மாநிலங்களும் சந்திக்கும் இடத்தில் 2502 மீற்றர் உயரத்தில் நிற்கிறது சென்ரிஸ். வாலிஸ் மாநிலத்தின் 4000 மீற்றர் மலைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இது சிறியது. ஆனால் அல்ப்ஸ் மலைத்தொடரின் வடக்கு விளிம்பில், முன்னால் மறைப்பதற்கு வேறு பெரிய மலை இல்லாமல் நிற்கிறது. வடமேற்கிலிருந்து வரும் புயலும் மழையும் முதலில் மோதுவது இதன் மீதுதான். தெளிந்த நாளில் உச்சியில் நின்றால் சுவிஸோடு சேர்த்து ஆறு நாடுகள் தெரியும் என்பார்கள். அடிவாரத்திலுள்ள ஷ்வேகால்ப்பிலிருந்து 1935 முதல் கேபிள் கார் ஓடுகிறது. சூரிச்சிலிருந்தும் சென்காலனிலிருந்தும் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்பதால், எம்மவர் குடும்பமாகப் போய்வருவதற்கும் ஏற்ற மலை.

இந்த உச்சியில் 1882ஆம் ஆண்டு வானிலை நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்போது கேபிள் காரும் இல்லை, தானாக அளக்கும் கருவிகளும் இல்லை. நிலையக் காவலர்கள் குளிர்காலம் முழுவதும் மேலேயே வாழ்ந்து, வெப்பநிலையையும் காற்றையும் பார்த்துக் கீழே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1922 பெப்ரவரியில் அந்தச் செய்தி திடீரென நின்றது. தேடி ஏறியவர்கள், காவலரும் அவர் மனைவியும் கொலையுண்டு கிடந்ததைக் கண்டார்கள். அதன் பின்னரும் வேறு காவலர்கள் போனார்கள். 1969 வரை மனிதர்கள் அங்கிருந்து அளந்தார்கள். இப்போது கருவிகள் அளக்கின்றன. ஒரு நாட்டு மக்கள் மலையின் நிலையை அறிவதற்கு எவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது. அந்த அறிவு இன்று எமது கைத்தொலைபேசிக்கு இலவசமாக வருகிறது. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் எமக்குள் எத்தனை பேர்?

மேலே இருப்பது வேறு காலநிலை

முதலில் குளிர். பொதுவாக 100 மீற்றர் ஏறும்போது வெப்பநிலை 0.6 பாகையளவு குறையும். சூரிச்சில் 15 பாகை என்று மெல்லிய சட்டையோடு புறப்பட்டால், சென்ரிஸ் உச்சியில் 2 அல்லது 3 பாகைதான் இருக்கும். காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். 0 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்று அடித்தால் எமது தோலுக்கு அது மைனஸ் 7 பாகை போலத் தெரியும். 40 கிலோமீற்றர் என்பது சென்ரிஸுக்குச் சாதாரணக் காற்று. 1999 டிசம்பர் 26ஆம் திகதி லோத்தார் என்ற புயல் ஐரோப்பாவைத் தாக்கியபோது இங்கு அளக்கப்பட்ட வேகம் மணிக்கு 230 கிலோமீற்றர்.

இந்த ஒழுங்கு தலைகீழாகும் நாட்களும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் சூரிச்சும் போடன்சே ஏரிக்கரையும் கிழமைக்கணக்கில் சாம்பல் நிற மூடுபனிக்குள் கிடக்கும். சூரியனைக் காணாமல் எமது முதியவர்கள் மனம் சோர்ந்து போவதும் இந்த நாட்களில்தான். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, அதன் மேல் சூடான காற்று மூடிபோல் படுத்திருப்பதே காரணம். அன்று ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறினால் நல்ல வெயில்! கீழே மூடுபனி ஒரு வெண்கடலாய்க் கிடக்கும். வீட்டிலுள்ள வயோதிபர்களைக் கேபிள் காரில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் வெயிலில் இருத்துங்கள். மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து அது.

இனிக் காற்று. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்த சமூகம் நாங்கள். எமது கரையோர மக்கள் காற்றின் பெயரைக் கேட்டே வள்ளத்தை இறக்குவதா இல்லையா என்று முடிவு செய்தார்கள். இந்நாட்டவரும் அப்படித்தான். வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்குப் 'பீசே' என்று பெயர். அது வீசினால் மூடுபனியின் மேல்மட்டம் உயரும். தெற்கிலிருந்து அல்ப்ஸைத் தாண்டி இறங்கும் வெப்பக் காற்றுக்குப் 'ஃபோன்' என்று பெயர்.

இந்த ஃபோன் எமக்குப் புதியதல்ல. மட்டக்களப்புப் பக்கத்தார் கச்சானை அறிவார்கள். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடாகி அனலாய் வீசும். ஃபோனும் அதே வேலையைத்தான் செய்கிறது. மலையின் தெற்கே மழையையோ பனியையோ இறக்கிவிட்டு, வடக்கே இறங்கும்போது 100 மீற்றருக்கு 1 பாகை வீதம் சூடாகும். குளிர்காலத்தின் நடுவில் திடீரென வசந்தம் வந்தது போல இருக்கும். வானம் தெளிந்து மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த அழகைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஃபோன் பனியை இளக்கும். முகடுகளில் புயலாக வீசும். அது விழுந்ததும் பின்னாலேயே குளிரும் பனிமழையும் வந்து இறங்கும். காலையில் வெயில், மாலையில் கண் தெரியாத பனிப்புயல் என்பது இங்கே நடக்கக்கூடிய காரியம்.

கோடையில் ஆபத்து இடியாக வரும். சென்ரிஸ் உச்சியில் 120 மீற்றருக்குச் சற்று அதிகமான உயரத்தில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் இருக்கிறது. அதை ஆண்டுக்கு நூறு தடவையளவில் மின்னல் தாக்குகிறது. அதனால்தான் 2021 கோடையில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே லேசர் கதிரை வானில் பாய்ச்சி மின்னலின் வழியைத் திருப்பிப் பார்த்தார்கள். அது கோபுரத்துக்கு. முகட்டில் நிற்கும் மனிதருக்கு ஒரே பாதுகாப்பு, பிற்பகல் மேகம் திரளுமுன் இறங்கிவிடுவது.

பனி ஒன்றல்ல

எமது ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்பது. ஒரே சொல் போதுமாக இருந்தது. இங்கே பிள்ளைகள் பல சொற்களோடு வீட்டுக்கு வருகிறார்கள். புதிதாய் விழுந்தது 'நொய்ஷ்னே', பழையது 'அல்ட்ஷ்னே', மேலே ஓடு கட்டியது 'ஹார்ஷ்ட்', காற்று அள்ளி வந்து குவித்தது 'ட்ரீப்ஷ்னே'. இவை தெரிந்தால்தான் பனிச்சரிவு என்னும் 'லவீனே' விளங்கும்.

சென்ரிஸில் ஓராண்டில் விழும் மழையும் பனியும் தண்ணீராக அளந்தால் 2800 மில்லிமீற்றரளவு. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி பனியாகவே விழுகிறது. 1999 ஏப்ரலில் அங்கே கிடந்த பனியின் ஆழம் 816 சென்ரிமீற்றர். இரண்டு மாடி வீட்டை முகடுவரை மூடும் ஆழம் இது.

இந்தப் பனி ஒரே பாளமாக இருப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒவ்வொரு அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, கீழே நிலத்தின் சூட்டுக்கும் மேலே கடும் குளிருக்கும் நடுவில் கிடந்து, நாளடைவில் சீனி போன்ற மணிகளாக மாறிவிடும். சீனியைக் கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள், ஒட்டாது. அதன் மேல் பிந்தி விழும் பனியைக் காற்று அழுத்தி ஒரு பலகை போலாக்கும். இப்போது ஒரு சாய்ந்த மேசையில் சீனியைத் தூவி, அதன் மேல் பலகையை வைத்தது போன்ற நிலை. ஒருவர் ஏறி மிதித்தால் போதும், கீழே உள்ள சீனி அடுக்கு நொறுங்கி, பலகை முழுவதும் ஒன்றாக வழுக்கும். காற்றுத்தான் பனிச்சரிவைக் கட்டும் மேசன் என்று இந்நாட்டு மலையேறிகள் சொல்வது இதனால்தான்.

இதற்குச் செங்குத்தான மலை தேவையில்லை. 30 பாகைச் சரிவு போதும். அது ஓட்டுக் கூரையின் சரிவளவுதான். கீழிருந்து பார்த்தால் விளையாட்டு மைதானம் போலத் தெரியும்.

பனிச்சரிவு வீடுகளையும் தேடி வரும். 1950-51 குளிர்காலத்தில் சுவிஸில் 98 பேர் பனிச்சரிவுகளில் இறந்தார்கள். அதன் பிறகு சரிவுகளில் தடுப்பு வேலிகள் கட்டினார்கள், காடுகளைப் பேணினார்கள், ஆபத்து வலயங்களில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். 1999 பெப்ரவரியில் மீண்டும் பெரும்பனி கொட்டியபோது இறந்தவர்கள் 17 பேர். சென்ரிஸின் அடிவாரத்திலும் 2019 ஜனவரி 10ஆம் திகதி ஒரு பெரிய பனிச்சரிவு இறங்கி, ஷ்வேகால்ப்பிலுள்ள ஹொட்டேலின் உணவகத்துக்குள் புகுந்தது. மூவர் சிறு காயங்களோடு தப்பினார்கள்.

இன்று சுவிஸில் ஆண்டுக்குச் சராசரியாக இருபது பேரளவில் பனிச்சரிவில் இறக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டில் இருந்தவர்களோ வீதியில் போனவர்களோ அல்லர். பாதுகாக்கப்பட்ட பாதைக்கு வெளியே, தாமாக விரும்பிப் போனவர்கள். அப்படிப் போய் அகப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேரின் மேல் விழுந்த பனிச்சரிவைத் தொடக்கி விட்டது அவர்களோ அவர்களோடு கூடப் போனவர்களோதான். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து வாசிக்க வேண்டிய செய்தி இது. பெற்றோருக்கு இதில் ஆறுதல் உண்டு: ஸ்கீலாகர் பிள்ளைகள் சறுக்கும் திறந்த 'பிஸ்ரே' பாதைகளைப் பனிச்சரிவிலிருந்து காப்பது அவற்றை நடத்துவோரின் பொறுப்பு, ஆபத்து என்றால் மூடிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு எச்சரிக்கை உண்டு: மூடிய கயிற்றைத் தாண்டும் அந்த நிமிடத்தில் இந்தக் காவல் முழுவதும் முடிந்துவிடுகிறது.

ஐந்து படிகள்

டாவோஸில் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. எஸ்.எல்.எப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கு அது அறிக்கை வெளியிடுகிறது. காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. 1993 முதல் ஐரோப்பா முழுவதும் ஒரே அளவுகோல்: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 பெரிது, 5 மிகப் பெரிது.

இதில் ஏமாற்றும் எண் 3. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைப்போம். பாடசாலைப் புள்ளியில் அப்படி இருக்கலாம், மலையில் அப்படியில்லை. பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்றாம் படி நாட்களில்தான் நடக்கிறது. நான்கு, ஐந்து என்றால் எல்லோரும் பயந்து நின்றுவிடுவார்கள். மூன்றில், வெயிலும் புதுப்பனியும் சேர்ந்து கூப்பிடும்.

புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேரளவில் பிழைக்கிறார்கள். அரை மணி நேரமானால் மூன்றில் ஒருவரளவே. உலங்கு வானூர்தி வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். ஆகவே பாதைக்கு வெளியே போக விரும்பும் இளைஞர்கள் முதலில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். தேடும் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட தடி, மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மூன்றும் இல்லாதவரோடு போக வேண்டாம். புதிய சரிவின் தடம் அருகில் தெரிந்தாலோ, காலடியில் 'வூம்' என்ற சத்தம் கேட்டாலோ, பனியில் வெடிப்பு ஓடினாலோ மலை உங்களோடு பேசிவிட்டது என்று பொருள். திரும்பி வந்துவிடுங்கள்.

எமது குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

எம்மவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உணவகத்திலும் வைத்தியசாலையிலும் துப்புரவு வேலையிலும் நிற்பவர்களுக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் பெரிய காரியம். அந்த ஒரு நாளுக்காகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருப்போம். ரிக்கற் வாங்கியாகிவிட்டது, புளிச்சோறு கட்டியாகிவிட்டது. அன்று வானிலை கூடாது என்றால் யாருக்குத்தான் திரும்ப மனம் வரும்? ஆனால் எமது விடுமுறை எந்த நாள் என்பது மலைக்குத் தெரியாது. ஆகையால் இரண்டு திட்டம் வைத்திருங்கள். மலை சரியில்லை என்றால் ஏரிக்கரை, நீச்சல் தடாகம், அருங்காட்சியகம் என்று இன்னொன்று. பிள்ளைக்கு ஏமாற்றம் வராது, பெற்றோருக்குப் பிடிவாதமும் வராது.

நடப்பதற்கு நிறங்களைப் பாருங்கள். மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை. உறுதியான சப்பாத்தும் தலைச்சுற்று இல்லாத மனமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை பழகியவர்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் இளஞ்சிவப்புப் பலகை உள்ள பாதை, பனியில் நடப்பதற்கென்றே ஒழுங்கு செய்யப்பட்டது. சிறுவரும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு அதுவே போதும்.

கேபிள் காரில் ஏறிச் சென்று, உச்சியிலிருந்து நடந்து இறங்கலாம் என்று ஆனி மாதத்தில் நினைப்பவர்கள் உண்டு. சென்ரிஸில் அப்போதும் பாதையின் மேல் பழைய பனி கிடக்கும். கண்ணுக்குச் சிறு திட்டு. விடியலில் அது கண்ணாடி போல் இறுகியிருக்கும். வழுக்கினால் கீழே பாறை. கேபிள் கார் நிலையத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்; அந்நாட்டவரும் கேட்டுத்தான் போகிறார்கள். கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதையும் ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனிச் சறுக்குவண்டியில் பிள்ளைகளை விடும்போது தலைக்கவசம் போடுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிச் செல்லுங்கள். மீட்பு வானூர்திக்கு 1414, அம்புலன்சுக்கு 144. இரண்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள்.

இன்னுமொன்று. காலநிலை மாறி வருகிறது. 800 மீற்றருக்குக் கீழே பனி விழும் நாட்கள் 1970இலிருந்து ஏறத்தாழப் பாதியாகிவிட்டன. வீட்டு முற்றத்தில் பனிமனிதன் செய்த பிள்ளைகள் இனிப் பனியைத் தேடி மேலே போவார்கள். ஆகவே மலையறிவு எமக்கு மேலும் மேலும் தேவைப்படும்.

ஒரு சிறிய பழக்கத்தை இந்தக் குளிர்காலத்தில் தொடங்கிப் பார்க்கலாம். மலைக்குப் போகும் முதல் நாள் மாலை, 5 மணி அறிக்கை வந்ததும், பிள்ளையை அதை ஜேர்மன் மொழியில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததைத் தமிழில் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று அம்மம்மா நிச்சயம் கேட்பார். கடற்கரையில் வளர்ந்தவர் அல்லவா? அந்தக் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, மலையை எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டுவிடும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று எமது முன்னோர் தண்ணீருக்குச் சொன்னார்கள். பனியும் தண்ணீர்தானே!